தனித்த நோய் என்றொன்றில்லை: காசநோயும் எச்.ஐ.வி.யும் உணர்த்தும் உண்மை

நோய்களின் வரலாற்றை எழுதுவோருட் பலர் ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனி வரலாறு உண்டென்ற எடுகோளுடனேயே தமது பணியைத் தொடங்குகின்றனர். பெரியம்மைக்கு ஓர் அத்தியாயம், வாந்திபேதிக்கு ஓர் அத்தியாயம், மலேரியாவுக்கு ஓர் அத்தியாயம், காசநோய்க்கு ஓர் அத்தியாயம் என நூல் வகுக்கப்படுகின்றது. அத்தியாயங்கள் வேறாயினும் கதை ஒன்றே. கிருமி தோன்றுகின்றது, மக்கள் மடிகின்றனர், அறிஞர் ஒருவர் கிருமியைக் கண்டுபிடிக்கின்றார், மருந்து வருகின்றது, நோய் தோற்று ஓடுகின்றது. சுகாதார நிருவாகமும் இதே அச்சில் வார்க்கப்பட்டதே. நோய்க்கோர் இயக்கம், இயக்கத்துக்கொரு பணிப்பாளர், பணிப்பாளருக்கொரு நிதி, நிதிக்கொரு புள்ளிவிபரம் என அது கிளைத்துச் செல்கின்றது. நோயாளி மட்டுமே ஒருவராக இருக்கின்றார்.

இவ்வெடுகோள் பிழையானது என்பதும், அப்பிழை ஏட்டளவில் நின்றுவிடாது இலட்சக்கணக்கான உயிர்களைப் பலிகொண்டது என்பதுமே இக்கட்டுரையின் வாதம். ஒரு கொள்ளைநோய் மற்றொரு நோயின் போக்கை இரண்டு களங்களில் மாற்றுகின்றது. ஒன்று மனித உடல்; மற்றையது மனித சமூகம். முதலாவது மருத்துவபீடத்துக்குரியது, இரண்டாவது வேண்டுமாயின் கலைப்பீடத்துக்குரியது என நாம் பாகப்பிரிவினை செய்து வைத்திருக்கின்றோம். ஆனால் நோய் இப்பாகப்பிரிவினையை ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை. இதனைக் காட்டுதற்கு எச்.ஐ.வி. கொள்ளைநோய் காசநோயின் போக்கை மாற்றிய வரலாற்றைக் காட்டிலும் தெளிவான சான்று கிடைப்பதரிது.

வெல்லப்பட்டதாகக் கருதப்பட்ட நோய்

றொபேட் கொக் 1882 மார்ச் 24ஆம் நாள் பேர்லினிற் காசநோய்க் கிருமியைப் பற்றி அறிவித்தார். ஸ்ட்ரெப்டோமைசின் 1943இற் கண்டுபிடிக்கப்பட்டது. 1952இல் ஐசோனியசிட் வந்தது. அறுபதுகளில் றிபாம்பிசின் வந்தது. இவற்றைச் சேர்த்து முறையாக உட்கொள்ளின் நோய் மாறும் என்பது ஐயமின்றி நிறுவப்பட்டது. 1956இற் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் மருத்துவ ஆய்வு நிலையம் 1959இல் வெளியிட்ட முடிவு உலகத்தின் கண்ணைத் திறந்தது. நகரத்தின் வறிய, நெருக்கமான இல்லங்களில் இருந்துகொண்டே மருந்துண்ட நோயாளிகள், நல்லுணவும் ஓய்வும் வழங்கப்பட்ட சானற்றோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ நிகராகக் குணமடைந்தனர் என அது காட்டியது. மலைவாசமும் மாளிகையும் வேண்டியதில்லை. மருந்தும் அதனைத் தவறாது கொடுப்பதற்கான ஒழுங்குமே வேண்டும் என்பது அதன் பொருள்.

இதன் பின்னரே வெற்றி முழக்கம் ஓங்கியது. செல்வந்த நாடுகளில் இந்நோய் கடந்த காலத்துக்குரியதெனப் பேசப்பட்டது. ஆனால் வெற்றிக் கதையில் இரு உண்மைகள் மறைக்கப்பட்டன.

முதலாவது, இங்கிலாந்திலும் வேல்சிலும் காசநோய் மரணவீதத்தின் வீழ்ச்சியிற் பெரும்பங்கு மருந்துகள் வருவதற்கு முன்னரே நிகழ்ந்து முடிந்திருந்தது. இதனைத் தோமஸ் மக்கியோன் எடுத்துக்காட்டினார். அவ்வீழ்ச்சிக்கு உணவே தலையாய காரணமென்ற அவரது விளக்கத்தைப் பிற்கால ஆய்வாளர் மறுத்துள்ளனர். வீடமைப்பு, சுகாதார நிருவாகம், நோயாளரைத் தனிமைப்படுத்தல் என்பவற்றுக்கு அவர்கள் கூடிய இடமளிக்கின்றனர். ஆயினும் வீழ்ச்சி மருந்துக்கு முந்தியது என்பதை எவரும் மறுத்திலர். இந்நோயின் போக்கை நிர்ணயிப்பதிற் சமூக வாழ்வுக்குள்ள பங்கு இதனாற் புலப்படும். நமது இலக்கியத்திலிருந்தே ஓருதாரணம் கூறலாம். புதுமைப்பித்தன் 1948இற் காசநோயால் மறைந்தபோது ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டு ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. கண்டுபிடிப்பின் ஆண்டும் நோயின் இறுதி ஆண்டும் ஒன்றல்ல.

இரண்டாவது, கிருமி எங்கும் ஓடிவிடவில்லை. இன்றும் மனித குலத்தில் ஏறத்தாழ நாலிலொரு பங்கினர் அதனைத் தம்முடலிற் சுமந்துகொண்டிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகின்றது. அவர்களிற் பெரும்பாலானோர் நோயாளரல்லர். இருமுவதில்லை, மெலிவதில்லை, பிறருக்குத் தொற்றச்செய்வதுமில்லை. அவர்களது உடல் அக்கிருமியைச் சிறைப்படுத்தி வைத்திருக்கின்றது. வெற்றியென முழங்கப்பட்டது, உண்மையில், காவலர் விழித்திருக்கும்வரை மட்டுமே நிலைக்கக்கூடிய ஓர் அமைதி.

உடலினுள் நிகழ்ந்த மாற்றம்

1981இல் ஐக்கிய அமெரிக்காவில் எயிட்ஸ் நோய் முதன்முதலில் இனங்காணப்பட்டது. அதற்குக் காரணமான வைரசு 1983இற் பாரிசிற் கண்டுபிடிக்கப்பட்டது. இவ்வைரசு, சீ.டி.4 எனப்படும் வெண்குருதிக் கலங்களைப் படிப்படியாக அழிக்கின்றது. காசநோய்க் கிருமியைச் சிறைப்படுத்தும் காவலை நெறிப்படுத்துபவையும் இக்கலங்களே.

காவல் தளர்ந்தால் விளைவு என்ன? நிர்ப்பீடனம் குன்றாத ஒருவரிடத்து உறங்கும் கிருமி அவரது வாழ்நாள் முழுவதிலும் நோயாக மாறுவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை எனக் கணிக்கப்படுகின்றது. எச்.ஐ.வி. தொற்றிச் சிகிச்சை பெறாத ஒருவரிடத்து அவ்வாய்ப்பு ஒவ்வோர் ஆண்டிலும் ஏறத்தாழ அதே அளவினதாகும். வாழ்நாளில் நிகழ வேண்டியது ஓராண்டில் நிகழ்கின்றது. மறுபுறத்தில், காசநோய் தூண்டும் அழற்சியினால் எச்.ஐ.வி.யும் விரைந்து பெருகுகின்றது. ஒன்று மற்றதற்கு வழிவிட, மற்றது இதற்கு வேகமளிக்கின்றது.

எண்ணிக்கை மட்டுமன்று, நோயின் உருவமே மாறிற்று என்பது இங்கு ஊன்றிக் கவனிக்கத்தக்கது. நுரையீரலிற் குழி விழுதலும், அக்குழியிலிருந்து கிருமி செறிந்த சளி வெளிப்படுதலும் காசநோயின் அடையாளங்களாகப் பாடநூல்களிற் கூறப்பட்டவை. ஆனால் அக்குழியைத் தோண்டுவது பெரிதும் நோயாளியின் நிர்ப்பீடனமே. கிருமியுடன் அது நடத்தும் போரிற் சிதைவது சொந்த இழையம். நிர்ப்பீடனம் அழிந்தவரிடத்து அப்போர் நிகழ்வதில்லை. ஆகவே குழியும் விழுவதில்லை. எக்ஸ்கதிர்ப் படத்தில் வழமையான அடையாளம் தெரிவதில்லை. சளியிற் கிருமி குறைவாதலால் நுணுக்குக்காட்டிக்கு அது அகப்படுவதில்லை. நோயோ நுரையீரலுக்கு வெளியே நிணநீர்க்கணு, மூளையுறை என உடலெங்கும் பரவுகின்றது. கொக்கின் காலந்தொட்டு நம்பியிருந்த சளிப் பரிசோதனை, மிகவும் தேவைப்பட்டவரிடத்தே கைவிட்டது. "சளியில் கிருமியில்லை" என்ற சீட்டுடன் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் காசநோயாலேயே இறந்தனர். ஒரு கொள்ளைநோய் மற்றொரு நோயைப் பெருக்கியதோடமையாது, அதனைக் காணும் கண்ணையும் மறைத்துவிட்டது.

வைரசு மட்டுமா காரணம்?

இவ்விடத்தில் ஒரு சாரார் திருப்தியடைந்து நின்றுவிடுவர். புதிய வைரசு வந்தது, பழைய நோய் மீண்டது, இது இயற்கையின் செயல், இதில் எவரையும் குற்றஞ்சாட்டுவதற்கில்லை என்பர். இவ்வாதத்தை மறுப்பதற்கு நியூயோர்க் நகரத்தின் வரலாறே போதும்.

அந்நகரில் 1978இற் பதிவான காசநோயாளர் 1,307 பேர். 1992இல் 3,811 பேர். எச்.ஐ.வி. இதற்கு ஒரு பெருங்காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் வைரசு வருமுன்னரே நகரம் அதற்கு வழி சமைத்துக் கொடுத்திருந்தது. வீட்டிலேயே சிகிச்சையளிக்கலாம் என்ற அறிவைக் காரணங்காட்டிக் காசநோய்க் கட்டில்கள் மூடப்பட்டன. அவற்றுக்கு ஈடாக நிறுவப்படவேண்டிய வெளிநோயாளர் சேவைக்குரிய பணமோ எழுபதுகளின் நிதி நெருக்கடியில் வெட்டப்பட்டது. சென்னை ஆய்வின் ஒரு பாதி மட்டும் பொறுக்கியெடுக்கப்பட்டது எனலாம். கட்டில் வேண்டியதில்லை என்பதை ஏற்றவர்கள், ஒழுங்கு வேண்டும் என்பதை மறந்தனர். வீடற்றோர் நூற்றுக்கணக்கில் ஒரே கூரையின் கீழ் உறங்கும் தங்குமிடங்களும், நிரம்பி வழிந்த சிறைகளும் கிருமிக்கு வாய்ப்பான களங்களாயின. 1988இல் ஹார்லமிலுள்ள ஒரு வைத்தியசாலையிலிருந்து மருந்துடன் வீடு சென்ற காசநோயாளரிற் பத்தில் ஒன்பது பேரளவில் சிகிச்சையைத் தொடராது போயினர் என ஓர் ஆய்வு கண்டது. வீடே இல்லாதவரை "வீட்டில் மருந்துண்க" என அனுப்பியதன் விளைவு அது.

அடுத்து நிகழ்ந்ததே தீர்க்கமான சான்று. 1992க்குப் பின் நகரம் பெரும் பணஞ் செலவிட்டுச் சுகாதாரப் பணியாளரை நியமித்தது. அவர்கள் நோயாளரைத் தேடிச் சென்று, கண்முன்னே மருந்தை விழுங்கச் செய்தனர். இரண்டே ஆண்டுகளில், 1994இல், நோயாளர் தொகை ஐந்திலொரு பங்கு வீழ்ச்சியடைந்தது. எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்துச் சிகிச்சை 1996இலேயே வந்தது என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். வைரசு அப்படியே இருக்க, காசநோய் குறைந்தது. அவ்வாறாயின், காசநோய் பெருகியதற்கு வைரசை மட்டும் பொறுப்பாளியாக்குதல் எங்ஙனம் பொருந்தும்? வெட்டப்பட்ட நிதியைக் காட்டிலும் பன்மடங்கு பணம் பின்னர் கொட்டப்பட்டது என்பது கணக்காளர் சிந்திக்க வேண்டிய செய்தி.

சுரங்கமும் நோயும்

நியூயோர்க்கிற் பணமிருந்தது, தவறு திருத்தப்பட்டது. தென்னாபிரிக்காவின் வரலாறு வேறு.

விற்வோட்டர்ஸ்ராண்ட் மலைத்தொடரில் 1886இல் தங்கம் கண்டெடுக்கப்பட்ட நாள்முதல், அச்சுரங்கங்களுக்கு மலிவான கறுப்புத் தொழிலாளர் தேவைப்பட்டனர். லெசோதோ, மொசாம்பிக், சுவாசிலாந்து, டிரான்ஸ்கை முதலிய பகுதிகளிலிருந்து ஆண்கள் மட்டும் ஒப்பந்த அடிப்படையிற் கொண்டுவரப்பட்டனர். மனைவி மக்கள் ஊரில். இவர்கள் நெருக்கமான விடுதிகளில். பாறையைத் துளைக்கும்போது எழும் சிலிக்காத் தூசு நுரையீரலைத் தழும்பாக்கியது. தழும்பேறிய நுரையீரல் காசநோய்க்கு எளிதில் இரையாகியது. நோயுற்றவன் ஊருக்கு அனுப்பப்பட்டான். அவனோடு கிருமியும் ஊர் சென்றது. சுரங்கக் கம்பனியின் கணக்கில் அவனது நோய் பதிவாகவில்லை. அவனது கிராமத்தின் கணக்கிற் பதிவாயிற்று. கம்பனிக்கு இலாபம், கிராமத்துக்கு இருமல் என்பதே அந்த ஏற்பாட்டின் சாரம்.

இவ்வாறு ஒரு நூற்றாண்டாக உலர்த்தி அடுக்கப்பட்ட விறகின் மீதே எச்.ஐ.வி. என்னும் பொறி வீழ்ந்தது. குடும்பத்தைப் பிரித்து ஆண்களை ஆண்டில் பதினொரு மாதம் விடுதியில் அடைக்கும் அதே தொழிலமைப்புத்தான் அவ்வைரசின் பரவலுக்கும் பாதை திறந்தது. 1990இல் தென்னாபிரிக்காவின் கர்ப்பிணித் தாய்மாரில் எச்.ஐ.வி. தொற்றியவர் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. 2005இல் நூற்றுக்கு முப்பதின்மர். சிலிக்காத் தூசு தரும் ஆபத்தும் எச்.ஐ.வி. தரும் ஆபத்தும் ஒன்றோடொன்று கூடுவதில்லை, பெருகுகின்றன எனச் சுரங்கத் தொழிலாளரிடையே நடத்தப்பட்ட ஆய்வுகள் காட்டின. ஓர் இலட்சம் பேருக்கு 250 காசநோயாளர் என்பதே அவசர நிலை எனக் கொள்ளப்படும் உலகில், தங்கச் சுரங்கத் தொழிலாளரிடையே அத்தொகை 2,500ஐயும் தாண்டியது.

தெம்பெக்கிலே மன்காயி என்பார் 1979 முதல் 1995 வரை தங்கச் சுரங்கத்தில் உழைத்தவர். சிலிக்காத் தூசுநோயும் காசநோயும் அவரைப் பற்றின. அவருக்குக் கிடைத்த நட்டஈடு 16,320 ராண்ட். சுரங்கக் கம்பனி மீது வழக்குத் தொடுக்கத் தொழிலாளிக்கு உரிமையுண்டு என அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2011 மார்ச்சில் அவரது வழக்கிற் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வெளியாவதற்குச் சில நாட்களுக்கு முன்னர் அவர் இறந்துவிட்டார். அத்தீர்ப்பின் வழியே பின்னர் கூட்டு வழக்கு எழுந்தது. 2019இற் பல கம்பனிகள் கோடிக்கணக்கில் நட்டஈடு வழங்கும் உடன்படிக்கைக்கு நீதிமன்றம் ஒப்புதலளித்தது. இவ்வழக்கில் எது "மருத்துவம்", எது "சமூகவியல்"? தூசு, கிருமி, வைரசு, கூலி, விடுதி, சட்டம் ஆகியவற்றைப் பிரித்தெடுக்கவல்லார் எவருமுளரோ?

இரண்டு கதவுகள்

எச்.ஐ.வி. காசநோயைத் தூண்டுகின்றதென்பது எண்பதுகளிலேயே அறியப்பட்டது. 1993இல் உலக சுகாதார நிறுவனம் காசநோயை உலகளாவிய அவசர நிலையாகப் பிரகடனம் செய்தது. ஆயினும் இவ்விரு நோய்களையும் ஒருங்கே கையாளுதற்கான கொள்கையை அந்நிறுவனம் வெளியிட்டது 2004இலேயே. எயிட்ஸ் இனங்காணப்பட்டு இருபத்துமூன்று ஆண்டுகள் கழிந்த பின்னர்! அதுவரை, கிளினிக் இரண்டு, அட்டை இரண்டு, நாள் இரண்டு, வரிசை இரண்டு. இரு நோயும் ஒரே உடலில் இருக்க, அவ்வுடலைச் சுமந்துகொண்டு நோயாளி இரு கதவுகளைத் தட்டவேண்டியிருந்தது. காசநோய்ப் பிரிவினர் எச்.ஐ.வி. பற்றிக் கேட்கவில்லை, எச்.ஐ.வி. பிரிவினர் இருமலைப் பற்றிக் கேட்கவில்லை.

இதனிலும் கொடியது மருந்தின் விலை. எச்.ஐ.வி. கூட்டு மருந்து ஒருவருக்கு ஓராண்டுக்குப் பத்தாயிரம் டொலருக்கு மேற்பட்ட விலையில் விற்கப்பட்டது. மலிவு மருந்துக்கு வழிசெய்யும் சட்டத்தை நெல்சன் மண்டேலாவின் அரசு இயற்றியபோது, 39 மருந்துக் கம்பனிகள் 1998இல் வழக்குத் தொடுத்தன. இந்தியாவின் சிப்லா நிறுவனம் 2001இல் அதே மருந்தை 350 டொலருக்குத் தர முன்வந்தது. அவ்வாண்டு ஏப்பிரலிற் கம்பனிகள் வழக்கைக் கைவிட்டன. இம்மருந்தை உண்பவரிடத்துக் காசநோய் ஆபத்து ஏறத்தாழ மூன்றிலிரு பங்கு குறைகின்றது. ஆகவே எச்.ஐ.வி. மருந்தின் விலையைத் தீர்மானித்தவர்கள் காசநோய் மரணங்களின் தொகையையும் தீர்மானித்தவர்களாயினர்.

ஈண்டு நம்மோடு உடன்படுவோர் என நடிப்போரையும் விட்டுவைக்கலாகாது. தாபோ ம்பெக்கி 1999 முதல் 2008 வரை தென்னாபிரிக்காவின் ஜனாதிபதியாக இருந்தார். நோய்க்குக் காரணம் வறுமையே என்ற முழக்கத்தை முன்வைத்து, வைரசின் பங்கை ஐயுற்று, மருந்து வழங்கலைத் தாமதித்தது அவரது அரசு. அத்தாமதத்தால் மூன்று இலட்சத்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர் என 2008இல் வெளியான ஹார்வார்ட் ஆய்வு மதிப்பிட்டது. "சமூகக் காரணி" என்ற சொல்லை உச்சரித்துவிட்டால் முற்போக்காளர் ஆகிவிடலாம் எனக் கருதுவோர் இதனை நெஞ்சிற் பதிக்கவேண்டும். கிருமியை மறுத்துச் சமூகத்தை மட்டும் பேசுதல், சமூகத்தை மறுத்துக் கிருமியை மட்டும் பேசுதற்கு எதிரானதன்று; அதன் மறுபக்கமே. ம்பெக்கியை எதிர்த்த சிகிச்சை நடவடிக்கை இயக்கத்தினர், 1998இல் அமைப்பாகத் திரண்டு, வீதியிலும் நீதிமன்றத்திலும் போராடி, வறுமையையும் வைரசையும் ஒருங்கே பேசினர். 2002இல் தாய்மாருக்கான மருந்து உரிமையை வென்றவரும் அவர்களே.

இத்தனை தவறுகளும் ஒன்றுகூடிய இடம் குவாசுலு-நாட்டால் மாகாணத்தின் டுகேலா ஃபெரி என்னும் சிற்றூர். அங்கு 2005, 2006ஆம் ஆண்டுகளில் ஏறக்குறைய எம்மருந்துக்கும் கட்டுப்படாத காசநோய் 53 பேரிடத்து இனங்காணப்பட்டது. அவர்களில் 52 பேர் இறந்தனர். எச்.ஐ.வி. பரிசோதனைக்குட்பட்ட அனைவரும் அத்தொற்றுடையோர். சளி எடுக்கப்பட்ட நாளிலிருந்து அவர்கள் உயிரோடிருந்த காலம், இடைப்பெறுமானமாக, பதினாறு நாட்கள். பாதிக்கு மேற்பட்டோர் அதற்குமுன் காசநோய்ச் சிகிச்சையே பெறாதவர். மருந்தை ஒழுங்காக உண்ணாது தாமே வருவித்துக்கொண்ட நோயன்று அது. பிறரிடமிருந்து, பெரும்பாலும் சிகிச்சை நாடிச் சென்ற வைத்தியசாலை விடுதியிலேயே, தொற்றிய நோய். நிர்ப்பீடனம் இழந்தோரையும் இருமுவோரையும் ஒரே மூடிய அறையிற் படுக்கவைத்தால் நேர்வது அதுவே. உயர்ந்த கூரையும் அகன்ற யன்னல்களும் கொண்ட பழைய கட்டடங்கள், புதிய மூடிய அறைகளைவிடத் தொற்றைக் குறைக்கவல்லன எனப் பெரு நாட்டின் லீமாவிற் செய்யப்பட்ட ஆய்வு 2007இற் காட்டியது. யன்னலைத் திறத்தலும் ஒரு மருத்துவமே. ஆனால் அதனை விற்று இலாபமீட்ட முடியாது.

மூன்று மறுப்புகள்

நமது வாதத்துக்கு மூன்று மறுப்புகள் கூறப்படலாம்.

தனித்தனி இயக்கங்களே பெரியம்மையை ஒழித்தன என்பது முதலாவது. இது உண்மை, மறைக்கவேண்டியதில்லை. 1977இற் சோமாலியாவிற் கடைசி இயற்கைத் தொற்றுக் கண்டு, 1980இல் அந்நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. நமது நாட்டின் மலேரியா எதிர்ப்பு இயக்கமும் 2012க்குப் பின் உள்நாட்டுத் தொற்றில்லாத நிலையை எய்தி, 2016இல் அதற்கான சான்றைப் பெற்றது. ஆயின் பெரியம்மை உடலில் ஒளிந்து உறங்குவதில்லை. முகத்திலேயே தன்னைக் காட்டிக்கொடுப்பது. ஒரே தடுப்பூசிக்கு அடங்குவது. காசநோய் இம்மூன்றிலும் அதற்கு மாறானது. மலேரியாவைப் பொறுத்தவரை, 1963இல் இலங்கையில் 17 பேரளவிற் குறைந்திருந்த நோய், கண்காணிப்புத் தளர்ந்ததும் 1968, 1969ஆம் ஆண்டுகளில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பற்றியது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இயக்கங்கள் வேண்டாமென்பதன்று நம் வாதம். இயக்கங்களுக்கிடையே சுவர் வேண்டாமென்பதே.

எச்.ஐ.வி. தனிமனித ஒழுக்கத்தின் விளைவு, ஆகவே அதன் பின்விளைவும் அவரவர் தலைமேல் என்பது இரண்டாவது. நம் சமூகத்தில் வாய்விட்டுச் சொல்லப்படாவிடினும் மனத்துள் வலுவாக வேரூன்றிய மறுப்பு இது. பதினாறு நாளில் இறந்தவரின் ஒழுக்கத்தை ஆராயுமுன், அவரை மூடிய அறையிற் படுக்கவைத்தவரின் ஒழுக்கத்தையும், மருந்துக்கு விலை வைத்தவரின் ஒழுக்கத்தையும், குடும்பத்தைப் பிரித்து விடுதி கட்டியவரின் ஒழுக்கத்தையும் ஆராய்தல் முறை. அன்றியும், காற்றின் வழி பரவும் கிருமி ஒழுக்கச் சான்றிதழ் கேட்பதில்லை. எச்.ஐ.வி. உடையவரிடத்து எழுந்த காசநோய் அவரது குழந்தையையும் தாதியையும் அடுத்த வீட்டுக்காரரையும் பற்றும். பழியை ஒதுக்கி வைக்கலாம். நோயை ஒதுக்கி வைக்க இயலாது.

இவை மருத்துவருக்குரியவை, கலைமாணவருக்கு இதில் என்ன வேலை என்பது மூன்றாவது. நிதியை வெட்டியது மருத்துவரன்று. ஆண் தொழிலாளரைத் தனித்து அடைத்தது மருத்துவரன்று. வழக்குத் தொடுத்த 39 கம்பனிகளும் மருத்துவர்கள் அல்ல. இம்முடிவுகளை எடுத்தோர் பொருளியலும் சட்டமும் நிருவாகமும் கற்ற, நம்மைப் போன்ற பட்டதாரிகளே. நோயின் போக்கை மாற்றும் முடிவுகளை எடுக்கப் போகின்றவர்கள் நோயைப் பற்றி அறியாதிருப்பது எங்ஙனம் நியாயமாகும்?

2020இன் பாடம்

இவையெல்லாம் கழிந்த நூற்றாண்டின் கதையென எவரும் ஆறுதலடைவதற்கில்லை. கொங்கோ சனநாயகக் குடியரசில் 2018 முதல் 2020 வரை கிழக்குப் பகுதியில் எபோலா ஏறத்தாழ 2,300 பேரைக் கொன்றது. உலகமே அதனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதே காலத்தில் அதே நாட்டிற் சின்னமுத்து ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றது. அவர்களிற் பெரும்பாலோர் குழந்தைகள். சின்னமுத்துக்குத் தடுப்பூசி பல்லாண்டுகளாகவே உண்டு. கவனம் சென்ற திசையில் எபோலா இருந்தது. கவனம் செல்லாத திசையில் மரணம் இருந்தது.

2020இல் கொவிட் வந்தது. எச்.ஐ.வி. உடலினுள் புகுந்து செய்ததை, கொவிட் பெரும்பாலும் உடலுக்கு வெளியே நின்று செய்தது. ஊரடங்கினால் நோயாளி கிளினிக்குக்குச் செல்ல முடியவில்லை. காசநோய்க்குரிய கருவிகளும் பணியாளரும் புதிய நோய்க்கு மாற்றப்பட்டனர். இருமினால் ஒதுக்கிவைப்பர் என்ற அச்சத்தில் இருமல் மறைக்கப்பட்டது. 2019இல் உலகெங்கும் 71 இலட்சம் பேரிடத்துப் புதிதாக இனங்காணப்பட்ட காசநோய், 2020இல் 58 இலட்சம் பேரிடத்து மட்டுமே இனங்காணப்பட்டது. இலங்கையிலும் அவ்வாண்டு இனங்காணப்பட்டோர் தொகை வீழ்ந்தது. ஏட்டிற் குறைந்தது நோயன்று. நோயைத் தேடிய கண்கள். அதனாலேயே, பத்தாண்டுகளுக்கு மேலாகக் குறைந்து வந்த காசநோய் மரணத்தொகை அவ்வாண்டில் மீண்டும் உயர்ந்தது. 2023இல் 82 இலட்சம் பேர் புதிதாக இனங்காணப்பட்டனர். பன்னிரண்டரை இலட்சம் பேர் இறந்தனர். தனியொரு கிருமியினால் நேரும் மரணங்களில் முதலிடத்தைக் கொவிட்டிடமிருந்து காசநோய் மீண்டும் பெற்றுக்கொண்டது. முகக்கவசமும் காற்றோட்டமும் பற்றி உலகத்துக்கே பாடம் புகட்டப்பட்ட அதே ஆண்டுகளில், அப்பாடத்தாற் பெரிதும் பயனடைந்திருக்கக்கூடிய பழைய நோய் கைவிடப்பட்டது.

2025 ஜனவரியில் ஐக்கிய அமெரிக்கா தனது வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது, ஆபிரிக்காவிற் பல எச்.ஐ.வி., காசநோய்ச் சேவைகள் ஒரே நாளில் ஆட்டங்கண்டன. ஒரு நோயின் நிதியை வெட்டுவோர் மற்றைய நோய்க்கும் அதனோடு கதவு திறக்கின்றனர் என்பதை நியூயோர்க் ஏற்கெனவே காட்டியிருந்தது. அந்நாடே அதனை மறந்தது.

முடிவாக

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படுவன மூன்று. புதியதொரு கொள்ளைநோய் தோன்றும்போது, அது எத்தனை பேரைக் கொல்லும் என்ற வினாவுடன், அது எந்த நோய்க்கு வழிவிடும் என்ற வினாவும் அன்றே எழுப்பப்பட வேண்டும். அவசரத்தின் பெயராற் பழைய நோயின் கட்டிலையும் கருவியையும் பணியாளரையும் எடுப்பவர், அவற்றைத் திருப்பித் தரும் நாளையும் கூற வேண்டும். நோயாளி கதவுகளைத் தேடி அலையாமல், சேவைகள் அவர் நிற்கும் ஒரே கதவுக்கு வரவேண்டும். இவற்றுள் எதுவும் புதிய கண்டுபிடிப்பை வேண்டி நிற்கவில்லை. இவை யாவும் நிருவாகத்தினதும் அரசியலினதும் எல்லைக்குட்பட்டவை. எனவே இவை நம்மால் கேட்கப்படக்கூடியவை, கேட்கப்பட வேண்டியவை.

சின்னஞ்சிறு கிருமிகள் கூடி உறவாடும் உண்மையை அவற்றின் வரலாற்றை எழுதும் நாம் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. நோய்கள் ஒன்றுபட்டு வருகின்றன. அவற்றை எதிர்ப்போர் மட்டுமே பிரிந்து நிற்கின்றனர். இந்நிலை மாறாதவரை அடுத்த கொள்ளைநோயின் மரணப் பட்டியலில், அந்நோயின் பெயரின்றி இறந்தவர்களே மிகுதியாக இருப்பர்; அவர்களை எண்ணுவதற்கு ஓர் ஏடும் இராது.